மேஜர் இட்ரிஸ் தனியாகப் போனதற்குக் காரணம் நான்

மேஜர் இட்ரிஸ் தவறி நாப்பதாம் நாள், ஜொகூர் பாருவுல அவரு வீட்டுல கெண்டூரி விருந்து. பழைய ஸ்குவாட்ரன் ஆளுங்க இருபது பேருக்கு மேல வந்திருந்தாங்க. எல்லாருக்கும் தலை நரைச்சுப் போச்சு, முட்டி வலி வந்துடுச்சு, வாய் மட்டும் அப்படியே இருக்கு. கூடாரத்துக்குக் கீழ உக்கார்ந்து சோறு முடியறதுக்குள்ள அந்தக் கதையை எடுத்துட்டாங்க. சண்டைக்குப் போற வழியில மேஜர் திரும்பி வந்தாரு, மேலிடம் போகாதேன்னு சொல்லியும் கேக்காம ஒத்தை விமானத்துல மறுபடியும் போனாரு, தனி ஆளா நின்னு அடிச்சாருன்னு. நான் மொத தடவை கேட்டப்ப எதிரிங்க அம்பது பேரு. இப்ப முந்நூறு ஆயிட்டாங்க. நாங்க இன்னும் பத்து வருஷம் உயிரோட இருந்தா ஆயிரத்தைத் தொட்டுடும்.

அவரு ஏன் திரும்பி வந்தாருங்கறது மட்டும் அந்தக் கதையில இருக்காது. தனியா பேர் வாங்கணும்னு ஆசைப்பட்டாருன்னு சிலர் சொல்லுவாங்க. ரெண்டொருத்தர் குரலைத் தாழ்த்தி, "மொதல்ல பயந்துட்டாரு லா, அப்புறம் வெக்கம் வந்து போனாரு"ன்னு சொல்லுவாங்க. அதைக் கேக்கறப்பதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாப்பது வருஷத்துக்கு மேல பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். அவரு திரும்பி வந்ததுக்குக் காரணம் நான். மாசாய்ல வரிசை வீட்டுல குடியிருக்கிற மணியம். இனிமே வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது.

என்னைப் பத்திச் சொல்ல அதிகம் இல்ல. உலு திராம் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவன். அப்பா அம்மா ரெண்டு பேரும் அங்க பாலுக்கு மரம் வெட்டுனவங்க. பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் முடிச்சதும் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி வேலைக்கு, கணக்கு எழுதற வேலைக்கு, மனு போடச் சொன்னாரு அப்பா. நான் விமானப்படைக்கு மனு போட்டுட்டு வந்து சொன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. பயிற்சியில மொட்டையடிச்சாங்க, ஓட விட்டாங்க, ஸ்பேனர் பிடிக்கக் கத்துக் குடுத்தாங்க, தொண்டை கிழியக் கத்துனாங்க. அவ்வளவுதான். இருபத்திரெண்டு வயசுல கோப்ரல் ஆகி, கிழக்குக் கரையில ஒரு போர் விமான ஸ்குவாட்ரனுக்கு வந்து சேர்ந்தேன். நான் வந்து ஆறு மாசத்துல தலைவரா வந்தவருதான் மேஜர் இட்ரிஸ், மூவார்க்காரர்.

புதுத் தலைவர் வர்றாருன்னு நாங்க அணிவகுத்து நின்னோம். பூட்ஸ் பளபளன்னு இருக்கு, வழியில இருக்கிற கல்லுக்கெல்லாம் வெள்ளை பூசியாச்சு. மனுஷன் சைக்கிள்ல வந்தாரு. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா விமானங்க நிக்கற இடத்துக்குப் போய், ஒவ்வொண்ணுக்கும் கீழ தரையில மல்லாந்து படுத்துப் பார்த்தாரு. புது யூனிஃபார்ம் முழுக்க எண்ணெய். எழுந்து வந்து, "கல்லுக்கு வெள்ளை பூசனது யாரு?"ன்னாரு. எங்க சார்ஜன் காசிம் பெருமையா ஓரடி முன்னால வந்தாரு. "நாளையிலேர்ந்து அந்த ஆளுங்களை டயரைப் பார்க்கச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. காசிம் மூஞ்சியைப் பார்க்கணுமே! ஒரு வாரம் எங்க மேல எரிஞ்சு விழுந்தாரு.

அவர்கிட்ட நாங்க மலாய்லதான் பேசுவோம், "துவான்"னு கூப்பிடுவோம், ஐயான்னு அர்த்தம். தமிழ் வாசகர்களுக்காக இங்க தமிழ்ல எழுதறேன். தமிழ்ல அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு வார்த்தை: "வாடா", "சரிடா". ரெண்டையும் எந்த இடத்துல சொல்லணுமோ அங்க சரியா சொல்லுவாரு.

மேலிடத்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்ப எல்லைக் காட்டுக்குள்ள ஆயுதக் கும்பல்களோட சண்டை நடந்துக்கிட்டிருந்த காலம். குண்டு போடறப்ப இத்தனை அடி உயரத்துக்குக் கீழ இறங்கக்கூடாதுன்னு ஒரு உத்தரவு இருந்துச்சு. இவரு இறங்குவாரு. தலைமையகத்துலேர்ந்து கேட்டு எழுதினா, "மேலேர்ந்து பார்த்தா காடு முழுக்கக் கீரைப் பாத்தி மாதிரி இருக்கு. நம்ம ஆளு எங்க இருக்கான்னு தெரியாம குண்டு போட மாட்டேன்"னு பதில் எழுதுவாரு. ஒவ்வொரு தாக்குதல்லயும் மொத ஆளா இறங்குவாரு, குண்டு போடாம ஒரு தடவை தாழப் பறந்து பார்ப்பாரு, அப்புறம்தான் மத்தவங்களைக் கூப்பிடுவாரு. கீழ இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? சுடுவாங்க. அவரு இறங்குனதும் விமானத்துல இருக்கிற ஓட்டைங்களைச் சுத்திச் சாக்பீஸால வட்டம் போடறது என் வேலை. ஒரு நாள் பதினொரு வட்டம். குனிஞ்சு பார்த்துட்டு, "இந்தச் சின்ன ஓட்டைக்கு ஏன் இவ்வளவு பெரிய வட்டம், சாக்பீஸ் ஓசியில வந்துச்சா?"ன்னாரு. பதினொண்ணை எண்ணிட்டு நான் பயந்து நிக்கறேன், அவருக்குக் கிண்டல்.

எங்க மேல கை வைக்க யாரையும் விட மாட்டாரு. ஒரு லெப்டினன்ட், விமானத்துக் கண்ணாடி சரியா துடைக்கலன்னு எங்க லான்ஸ் கோப்ரல் லத்தீப்பைக் கேவலமா திட்டிட்டாரு. மேஜர் ஒண்ணும் கத்தல. அந்த லெப்டினன்ட்டை ஒரு வாரம் எங்களோட சேர்ந்து குண்டு ஏத்தற வேலைக்கு அனுப்பிட்டாரு. மூணாம் நாளே அவரு தோள் வீங்கிடுச்சு. வாரக் கடைசியில அவரே வந்து, "உன் முழுப் பேரு என்ன?"ன்னு லத்தீப்கிட்ட கேட்டாரு. அதுக்கப்புறம் எங்க ஸ்குவாட்ரன்ல யாரும் யாரையும் "ஏய்"னு கூப்பிட்டதில்ல.

ஊரு அவரைக் கட்டுக்கடங்காதவருன்னு சொல்லும். உத்தரவை மீறுவாரு, உண்மைதான். ஆனா தரையில நடக்கிற வேலையில அவரை மாதிரி கறாரான ஆளை நான் பார்த்ததில்ல. ஓடுபாதை முனையில கடைசி நிமிஷம் குண்டுங்களோட பூட்டை எடுப்போம். அப்ப நாங்க இறக்கைக்கு அடியில இருப்போம். விமானி தெரியாம ஒரு சுவிட்சைத் தட்டுனா எங்க கதை முடிஞ்சுது. அதனால நாங்க வெளிய வர்ற வரைக்கும் விமானி ரெண்டு கையையும் மேல தூக்கி எங்களுக்குத் தெரியற மாதிரி வச்சுக்கணும். சில பேர் கொட்டாவி விடற மாதிரி அரைகுறையா தூக்குவாங்க. மேஜர் முழுசா தூக்குவாரு, கடைசி ஆளு வெளிய வந்து கை காட்டற வரைக்கும் இறக்க மாட்டாரு.

இனிமே சொல்லப்போறது புரியணும்னா அந்த நாற்காலியைப் பத்திச் சொல்லணும். போர் விமானத்துல விமானி உக்கார்ற நாற்காலிக்கு அடியில வெடிமருந்து இருக்கும். விமானம் அடிபட்டா கைப்பிடியை இழுக்கணும், நாற்காலி ஆளோட வெளிய பாயும், பாராசூட் விரியும். தரையில நிக்கறப்ப அது வெடிச்சுடக் கூடாதுன்னு அஞ்சு இடத்துல பின்னு செருகியிருப்போம். விரல் நீளத்துக்கு எஃகுப் பின்னு, நுனியில சிவப்புத் துணி. பறக்கறதுக்கு முன்னால அஞ்சையும் உருவணும். நாலு பின்னு விமானி கண்ணுக்குத் தெரியும். அஞ்சாவது நாற்காலி உச்சியில, அவரு தலைக்குப் பின்னால. வாரைக் கட்டிட்டா திரும்பிப் பார்க்க முடியாது, கையும் எட்டாது. அந்தப் பின்னு உள்ளயே இருந்துட்டா, கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் நாற்காலி அசையாது. ஆளு விமானத்தோட போக வேண்டியதுதான்.

மேஜர் இதுக்குன்னு ஒரு முறை வச்சிருந்தாரு. உருவின அஞ்சு பின்னையும் தரை ஆளு ஏணியில நின்னு விசிறி மாதிரி விரிச்சுக் காட்டணும். விமானி வாய்விட்டு மலாய்ல எண்ணணும்: சத்து, துவா, தீகா, அம்பாட், லீமா. அப்புறம் கையிலேயே எடுத்துக்கிட்டுப் போய், அந்த விமானத்து நம்பர் எழுதின பலகையில அஞ்சு கொக்கியில மாட்டணும். பாக்கெட்ல போடவே கூடாது. கொக்கி ஒண்ணு காலியா இருந்தா நேரா ரேடியோவுக்கு ஓடணும், யார்கிட்டயும் அனுமதி கேக்கக்கூடாது. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுவரைக்கும் யாரும் ஓடுனதில்ல. போர் விமானத்தைத் திருப்பிக் கூப்பிட எந்தக் கோப்ரலுக்கு வாய் வரும்?

அது மழைக்காலம். எல்லைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஓடுபாதையில மூணு வாரமா கூடாரம் போட்டுத் தங்கியிருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும். காட்டுக்குள்ள போன ராணுவ ரோந்துப் படை மாட்டிக்கிச்சு, மூணு பக்கமும் சுடறாங்க, காயம் பட்டவங்க கிடக்கறாங்கன்னு தகவல் வந்துச்சு. நாலு விமானம் கெளம்பணும். மேஜர் தலைமை. ரெண்டாவது விமானத்துல கேப்டன் பீட்டர், தமிழ்க் கத்தோலிக்கர், இருபத்தாறு வயசு. அருமையா பறப்பாரு, ஆனா சண்டையில ஒரு தடவைகூட தலைமை தாங்கினதில்ல.

மேஜரோட விமானத்துல எஞ்சினைக் கிளப்பினதும் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுது, அணையவே இல்ல. மனுஷன் குதிச்சு இறங்கி, மழையில ஓடி, பக்கத்துல தயாரா நின்ன விமானத்துல ஏறுனாரு. அது என் விமானம். நானும் பின்னாலயே ஏணியில ஏறுனேன். வாரைக் கட்டினேன், பின்னுங்களை உருவினேன், விரிச்சுக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து அவரு காதுல ரேடியோ கத்துச்சு. அவரு என் கையைப் பார்த்தாரு, தலையை ஆட்டினாரு, எண்ணல. எண்ணுங்க துவான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. மழையில ஏணி வழுக்குச்சு, ரெண்டு கையும் வேணும். பின்னுங்களை ரெயின்கோட் பாக்கெட்ல திணிச்சுட்டு இறங்கிட்டேன்.

நாலு விமானமும் மேல போச்சு. நான் பலகைகிட்ட வந்து மாட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டேன். ஒண்ணுமில்ல. அந்தப் பாக்கெட், இந்தப் பாக்கெட், சட்டை, கால்சட்டை. ஏணிக்கு அடியில சேத்துல முட்டி போட்டுத் தேடினேன். இல்ல. நாலு பின்னுதான் இருக்கு.

உச்சிப் பின்னை உருவினேனா? கண்ணை மூடி யோசிச்சேன். தினமும் செய்யற வேலை. கை உருவின ஞாபகம் இருக்கு, ஆனா அது இன்னிக்கா நேத்தான்னு தெரியல. முருகா, அவரு மொத ஆளா இறங்குவாரே, தாழப் பறப்பாரே, சுடுவாங்களே!

சார்ஜன் காசிம் வந்து பலகையைப் பார்த்தாரு. அவருக்கும் மூஞ்சி வெளுத்துடுச்சு.

"நல்லா தேடு, இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும்."

"தேடிட்டேன் சார்ஜன். ரேடியோவுக்குப் போறேன்."

"மணியம், பைத்தியமா? அங்க ஆளு செத்துக்கிட்டிருக்கான். தாக்கப் போற தலைவரைப் பாதி வழியில திருப்பிக் கூப்பிடுவியா? அப்புறம் பின்னு இங்க கிடைச்சா என்ன ஆகும் தெரியுமா? உன் கோப்ரல் கோடு ரெண்டும் போகும், ஜெயிலுக்கும் போவே. உன் பொண்டாட்டி ஏழு மாசம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"கிடைக்கலன்னா?"

காசிம் குனிஞ்சு சேத்துல தேட ஆரம்பிச்சாரு. அவரு கெட்டவரு இல்ல, என் மேல இருந்த அக்கறையிலதான் சொன்னாரு. அவரு சொன்ன எல்லாமே நடக்கக்கூடியதுதான். என் மனைவி கமலா கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு நிக்கறது என் கண்ணு முன்னால வந்துச்சு. ஒரு நிமிஷம் நின்னேன். ஒரு முழு நிமிஷம், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் ஓடுனேன்.

ரேடியோ கூடாரத்துல ஒரு டியூட்டி அதிகாரி. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவரு என்னை மேலேர்ந்து கீழ பார்த்துட்டு மைக்கை எடுத்தாரு. அந்த அலைவரிசை தலைவர் விமானத்துக்கும் கூடாரத்துக்கும் மட்டும்தான், மத்த விமானிங்களுக்குக் கேக்காது. உச்சிப் பின்னு பத்தி இவரு சொன்னதும், அந்தப் பக்கம் மேஜர் கேட்டாரு:

"யாரு சொல்றது?"

"கோப்ரல் மணியம், துவான்."

"நிச்சயமா சொல்றானா?"

அதிகாரி என்னைப் பார்த்தாரு. ஆமான்னு சொல்லிடலாம். அப்படிச் சொன்னா அவரு கட்டாயம் வருவாரு. ஆனா பொய் சொல்ல நாக்கு வரல. "நிச்சயம் இல்ல துவான். கொக்கி காலி. அவ்வளவுதான் தெரியும்"னு கத்தினேன்.

அப்புறம் அவரு குரல், சாப்பிடக் கூப்பிட்டா பதில் சொல்ற மாதிரி: "சரி. பீட்டர்கிட்ட தலைமையைக் குடுத்துட்டு வர்றேன்."

தாக்கப் போற ஒரு மேஜர், காட்டுக்குள்ள ரோந்துப் படை உயிருக்குப் போராடறப்ப, நிச்சயம் இல்லன்னு சொன்ன ஒரு கோப்ரலோட பேச்சைக் கேட்டுத் திரும்பினாரு. நான் அங்கேயே தரையில உக்கார்ந்துட்டேன்.

குண்டுங்களோட இறங்கக்கூடாது, அதுக்குன்னு ஒதுக்குன இடத்துல போட்டுட்டுத்தான் வரணும்ங்கறது விதி. அவரு போடல. நனைஞ்ச சின்ன ஓடுபாதையில அத்தனையையும் சுமந்துக்கிட்டு இறங்குனாரு. நான் ஏணியை இழுத்துக்கிட்டு ஓடி, ஏறி, அவரு தலைக்குப் பின்னால பார்த்தேன்.

பின்னு இல்ல. துவாரம் காலி. நான் உருவியிருக்கேன்.

"இருக்கா?"ன்னாரு, திரும்பாமலேயே.

"இல்ல துவான்."

ஏணியில சாஞ்சேன். என் ரெயின்கோட் ஓரம் ஏணிக் கம்பியில இடிச்சு "டங்"னு ஒரு சத்தம். துணிக்கு அந்தச் சத்தம் எங்கேர்ந்து வரும்? ரெண்டு பேரும் கீழ பார்த்தோம். பாக்கெட்டு உள்பக்கம் கிழிஞ்சிருந்திருக்கு. அது வழியா பின்னு, சிவப்புத் துணியோட, லைனிங்குக்குள்ள இறங்கி அடி ஓரத்துல போய் உக்கார்ந்திருக்கு. நான் அத்தனை இடத்துலயும் தேடினேன், அதைப் போட்டுக்கிட்டே தேடினேன்.

அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். அவரு அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாரு, என் மூஞ்சியைப் பார்த்தாரு. "நீ பாக்கெட்ல போட்டே. நான் எண்ணல. ரெண்டு பேரும் மடையனுங்க"ன்னாரு. அடுத்த மூச்சுல, "எண்ணெய் ஊத்த எத்தனை நிமிஷம்?"

"ஆறு, துவான்."

"அப்ப ஏன்டா இன்னும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

அஞ்சு நிமிஷத்துல முடிச்சோம். டியூட்டி அதிகாரி மழையில ஓடி வந்தாரு. ஒத்தை விமானம் போகக்கூடாது, தலைமையகம் கண்டிப்பா சொல்லுதுன்னாரு. மேஜர் காதுல கை வச்சு, எஞ்சின் சத்தத்துல கேக்கலங்கற மாதிரி சைகை காட்டினாரு. எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்ல! அப்புறம் என்னைப் பார்த்து, "காட்டு"ன்னாரு. லைனிங்கைக் கிழிச்சு எடுத்த பின்னையும் சேர்த்து அஞ்சையும் விரிச்சுக் காட்டினேன். சத்து, துவா, தீகா, அம்பாட், லீமா. நிதானமா எண்ணினாரு. "சரிடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் ஊரே சொல்லுது. மூணு விமானமும் பீட்டர் சார் தலைமையில நல்லா அடிச்சு, எண்ணெய் தீர்ந்து திரும்பற நேரம். காயம் பட்டவங்களைத் தூக்க ஹெலிகாப்டர் இறங்கறப்ப மேல காவலுக்கு யாரும் இல்ல. அப்பத்தான் மேஜர் போய்ச் சேர்ந்தாரு. ஹெலிகாப்டர் மூணு தடவை இறங்கி ஏறற வரைக்கும் தனியா சுத்திச் சுத்தி வந்து, சுடறவங்க தலையைத் தூக்க விடல. காயம் பட்ட எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நான் அன்னிக்கு ஒம்போது வட்டம் போட்டேன். கடவுள்தான் அவரை லேட்டாக்கி அனுப்பினாருன்னு கமலா சொல்லுவா. நான் ஒத்துக்க மாட்டேன். மேல காவல் இல்லாத அந்த இடைவெளி அரை மணி முந்தி, அவரு வந்து சேர்றதுக்குள்ள வந்திருந்தா, என் பாக்கெட்டால ஆளு செத்திருப்பான். அது எனக்குத் தெரியும், அதை யாரும் சமாதானம் சொல்லி மாத்த வேண்டாம்.

மறுநாள் தலைமையகம் கேள்வி மேல கேள்வி. ஏன் திரும்பினே, குண்டோட ஏன் இறங்குனே, தனியா ஏன் போனே? நான் போய், "துவான், என் பேரைச் சொல்லிடுங்க. தப்பு என்னோடது"ன்னேன். எழுதிக்கிட்டே பதில் சொன்னாரு.

"உன் தப்புக்கு ஒரு மாசம் நீ ரெயின்கோட் இல்லாம மழையில வேலை செய்யணும். அது நான் குடுக்கற தண்டனை. அவங்ககிட்ட உன்னைக் குடுக்க மாட்டேன்."

"ஏன் துவான்?"

"நீ காலிக் கொக்கியைப் பார்த்துக் கூப்பிட்டே. கூப்பிட்டதுக்கு உன் கோடு போச்சுன்னா, அடுத்தவன் கூப்பிடுவானா? பலகையைத் திருப்பி வச்சுட்டுப் போய் டீ குடிப்பான். நீ வாயைத் திறக்கக் கூடாது, இது ஆர்டர்."

டியூட்டி அதிகாரியையும் காசிமையும், என்கூட எண்ணெய் ஊத்தின லத்தீப்பையும் கூப்பிட்டு அதையே சொன்னாரு. அறிக்கையில "தலைவரின் சொந்த முடிவு"ன்னு ஒரே வரி. அன்னிக்கே எல்லா ரெயின்கோட்டையும் வாங்கி, பாக்கெட்டை ஊசி நூலால தைக்கச் சொன்னாரு.

ஒரு மாசம் கழிச்சு பீட்டர் சார் நாலு விமானத்தோட, அவசரத்துல பின்னை எண்ணாம, கெளம்பினாரு. கெளம்பிக் கொஞ்ச நேரத்துல லத்தீப் பலகையைப் பார்த்தான். ஒரு கொக்கி காலி. அவன் என் பக்கம் ஒரு தடவை திரும்பினான். ரேடியோவுக்கு ஓடுனான். பீட்டர் சார் திட்டிக்கிட்டே திரும்பி வந்தாரு. ஏணியில ஏறிப் பார்த்தா, இந்தத் தடவை உச்சிப் பின்னு உள்ளயே இருந்துச்சு. உருவிட்டு அனுப்பினோம். அன்னிக்கே, ரெண்டாவது தடவை காட்டுக்கு மேல இறங்குறப்ப, அவரு விமானம் அடிபட்டுச்சு. கைப்பிடியை இழுத்தாரு. மரத்துல மாட்டி, கால் உடைஞ்சு, உயிரோட வந்தாரு.

மேஜருக்கு என்ன கெடச்சுது? அடுத்த வருஷம் கோலாலம்பூர்ல ஒரு மேசை. கூட இருந்தவங்க எல்லாம் கர்னல் ஆனாங்க. இவரு மேஜராவே ஓய்வு பெற்றாரு. ஹரி ராயா பெருநாளுக்கு அவரு வீட்டுக்குப் போறப்ப ஒரு தடவை தாங்க முடியாம கேட்டேன், இப்பவாவது சொல்லட்டுமான்னு. "நான் போனப்புறம் சொல்லிக்கோ லா, அப்பத்தான் என்னை யாரும் கேள்வி கேக்க முடியாது"ன்னு சிரிச்சாரு.

கெண்டூரி முடிஞ்ச அடுத்த வாரம் பீட்டர் சார் கூப்பிட்டாரு. அவரும் ஜொகூர் பாருவுலதான் இருக்காரு, அடுக்குமாடியில. மேஜர் பேர்ல ஒரு நினைவு மலர் போடறோம், நீங்களும் வாங்க மணியம்னாரு. போனேன். கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருந்ததைப் படிச்சுக் காட்டினாரு. மேஜர் திரும்பினதைப் பத்தி, "அறியப்படாத காரணத்தால்"னு இருந்துச்சு.

"காரணம் எனக்குத் தெரியும் சார்"னு ஆரம்பிச்சேன். இங்க எழுதினதை எல்லாம் சொன்னேன். நிச்சயம் இல்லன்னு நான் கத்தினதையும், ரெயின்கோட்டையும், அறிக்கையையும். முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு.

"அன்னிக்கு அவரு ரேடியோவுல காரணம் ஒண்ணுமே சொல்லல, மணியம். 'ரெண்டு, நீ தலைமை, நான் திரும்பறேன்'னாரு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பயந்துட்டாருன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும். அவரு ஜனாஸாவுல, அடக்கம் பண்றப்ப நின்னப்பகூட மனசுக்குள்ள அது இருந்துச்சு."

"எனக்குத் தெரியும் சார். உங்க கண்ணுல பார்த்திருக்கேன்."

"லத்தீப் எப்படி அவ்வளவு துணிச்சலா என்னைக் கூப்பிட்டான்?"

"என்னைப் பார்த்துத்தான். நான் கூப்பிட்டேன், பின்னு என்கிட்டயே இருந்துச்சு. அப்பவும் என் கோடு ரெண்டும் தோள்லதானே இருந்துச்சு."

மனுஷன் உடைஞ்சு போயிட்டாரு. எழுபது வயசுக்கு மேல ஆன ஆளு, தன் கால் மேல கையை வச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கும் அடக்க முடியல. அவரு பேத்தி உள்ளேர்ந்து வந்து என்னாச்சு தாத்தான்னு கேட்டுச்சு. எங்க மேஜர் ரொம்ப நல்லவரும்மான்னு மட்டும் சொன்னாரு.

அப்புறம் அந்த வரியை அழிச்சுட்டு, "ஒரு தரைப் பணியாளர் விடுத்த எச்சரிக்கையின் பேரில்"னு தட்டினாரு.

"பேர் போடுங்க சார்."

"பாக்கெட் விஷயமும் எழுதணும் மணியம். உங்க பேரப்பிள்ளைங்க படிப்பாங்க."

"படிக்கட்டும். என் தப்பையும் எழுதுங்க, ஒரு வரி குறைக்காதீங்க. ஆனா என் சொல்லை நம்பி அவரு திரும்பினாருன்னு எழுதுங்க. முப்பது வருஷம் யூனிஃபார்ம் போட்டேன், இதைவிடப் பெரிய மெடல் எனக்கு யாரும் குத்தல."

அவரு அழிச்சாரு, யோசிச்சாரு, மறுபடியும் தட்டினாரு. நான் பக்கத்துல நின்னு படிச்சேன். "கோப்ரல் மணியம் கூப்பிட்டார். மேஜர் இட்ரிஸ் திரும்பினார்."